எரிமலை மண்ணில் கவிழ்த்த சட்டி

கஜானி வேலைக்குக் கொண்டுபோகும் மஞ்சள் பெட்டியை பரிஸ் நகரின் ரூ பெர்தொனே தெருவில் பலர் பார்த்திருக்கிறார்கள். முதுகில் மாட்டிக்கொண்டு அவள் விடியற்காலையில் ஸ்தேசனுக்கு நடந்துபோகும்போது, நகைக்கடையைத் திறந்துகொண்டிருந்த ஐங்கரன் ஒருநாள் மறித்துக் கேட்டார்.

"பிள்ளை, உதுக்குள்ள என்ன? வயலினோ?"

"சட்டி, அண்ணை."

அவர் சிரித்தார், நம்பவில்லை. ஆனால் அவள் சொன்னது உண்மை. பெட்டிக்குள் இருந்தது ஓர் உருக்குச் சட்டி. அதன் முதுகிலிருந்து இரண்டு மெல்லிய குழாய்கள் கைக்கடக்கமான ஓர் உணர்கருவிக்குப் போகும். சட்டியை நிலத்தில் கவிழ்த்து அழுத்திப் பிடித்தால், அந்த இடத்து மண் எவ்வளவு வாயுவை வெளியே விடுகிறது என்று கருவி காட்டும். எரிமலை மண்ணில் அப்படி இடம் இடமாகச் சட்டியைக் கவிழ்த்து அளந்துகொண்டே போவதுதான் அவளுடைய தொழில்.

அம்மா மார்கிரட்டுக்கு இதையெல்லாம் விளங்கப்படுத்தப் பொறுமை இல்லை. யாராவது கேட்டால் "மகள் லபோவில வேலை" என்று முடித்துவிடுவாள். தமிழர் கடைகள் நிறைந்த அந்த லா சப்பல் பகுதியில் லபோ என்றால் இரத்தம் குத்தி எடுக்கிற இடம். அதனால் பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது, சீனி எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்லும்படி யாராவது ஒருவர் கஜானியின் கையில் கடுதாசியைத் திணிப்பது வழக்கமாகிவிட்டது. அவளும் தெரிந்தவரை வாசித்துச் சொல்லுவாள்.

அவளை இந்த வேலைக்குக் கொண்டுவந்தது அப்பாவுக்கு நடந்த ஒரு விபத்து.

மன்னாரிலிருந்து வந்த அப்பா வின்சன்ற் அப்போது ஒரு பெரிய உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். ஒருநாள் மதியம் உருளைக்கிழங்கு மூட்டை எடுக்க நிலவறைக்கு இறங்கியவர் மேலே வரவில்லை. தேடிப்போன இன்னொரு தொழிலாளி படியிலிருந்தே அவர் விழுந்து கிடப்பதைக் கண்டு கத்தினான். முதலாளி உடனே ஒரு காரணம் சொல்லிவிட்டார்: கீழே வைன் போத்தல்கள் இருக்கின்றன, ஆள் திருட்டுத்தனமாகக் குடித்திருக்கிறான். அந்தக் கதை ஆஸ்பத்திரி வண்டிக்கு முன்னமே தமிழர் கூடும் ரூ லூயி-பிளாங்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வின்சன்ற் வாழ்நாளில் ஒரு மிடறு குடித்ததில்லை.

தீயணைப்புப் படையிலிருந்து வந்த ஒரு பெண்தான் நிலவறைப் படியில் நின்று, இடுப்பிலிருந்த ஒரு சிறு பெட்டியைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினாள். பெட்டி கூவியது. பானங்களுக்கு அழுத்தம் கொடுக்கும் உருளை ஒன்றிலிருந்து காபனீரொட்சைட் கசிந்து நிலவறை முழுக்க நிறைந்திருந்தது. நாம் மூச்சில் வெளியே விடுகிற அதே வாயுதான். ஆனால் அது காற்றைவிடப் பாரமானது. பள்ளத்தில் தேங்கிவிட்டால் மூச்சுவிட இடம் வைக்காது. ஆஸ்பத்திரிக்கு வந்த பதினாறு வயதுக் கஜானியிடம் அந்தப் பெண், "உன் அப்பா குடிக்கவில்லை. இது சொல்கிறது" என்று பெட்டியைத் தட்டிக் காட்டினாள்.

வின்சன்ற் பிழைத்துக்கொண்டார். முதலாளி வாயை மூடிக்கொண்டார். கஜானி பள்ளிப்படிப்பை முடித்ததும் அளவைக் கருவிகள் பற்றிய தொழில்நுட்பப் படிப்புக்குப் போனாள். கருவி பொய் சொல்லாது என்று அப்போது நினைத்தாள். அதை எங்கே, எப்போது வைக்கிறோம் என்பதில்தான் பொய் புகுந்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது.

அதை அவளுக்குத் தெரியவைத்தது ஓவேர்ண் மலைநாட்டில் லாசர் என்ற ஆட்டுப் பண்ணைக்காரரின் ஒரு மேய்ச்சல் நிலம்.

பிரான்சின் நடுவிலுள்ள அந்த மலைநாட்டின் எரிமலைகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தூங்குகின்றன. ஆனாலும் அங்கங்கே மண்ணுக்குள்ளிருந்து வாயு ஏறிவருவது நிற்கவில்லை. ஒரு வசந்தகாலத்தில் லாசரின் நிலத்திலுள்ள ஒரு பள்ளத்தில் ஆட்டுக்குட்டிகள் செத்துக் கிடக்கத் தொடங்கின. மேலில் காயம் இல்லை, வயிற்றில் நோய் இல்லை. மிருக வைத்தியர் கையை விரித்துவிட்டார். வாயுவாக இருக்குமோ என்ற யோசனையில் ஊர் மேயர் பரிஸ் நகரில் கஜானி வேலை செய்யும் ஆய்வுக்கூடத்துக்கு அறிவித்தார். கஜானியும் சக ஊழியன் ஒருவனும் போனார்கள்.

அவர்கள் போன கிழமை முழுக்க மழை. நிலம் சொதசொதவென்று கிடந்தது. அவள் பள்ளத்திலும் சுற்றிலும் சட்டியைக் கவிழ்த்து அளந்தாள். எல்லா இடத்திலும் சாதாரணப் புல்வெளி மூச்சுவிடுகிற அளவுதான் வந்தது. அறிக்கையில் அதை எழுதி, ஈரநிலத்தில் எடுத்த அளவு என்பதால் உலர்ந்தபின் திரும்ப அளக்கவேண்டும் என்று கடைசி வரியில் சேர்த்தாள்.

கடைசி வரியை ஒருவரும் வாசிக்கவில்லை. வாயு இல்லை என்பதை மட்டும் லாசர் பிடித்துக்கொண்டார். வாயு இல்லையென்றால் நஞ்சு. நஞ்சு வைக்கக்கூடியவன் யார்? பக்கத்து நிலத்தில் தேனீ வளர்க்கும் கபிரியேல். இருவருக்கும் ஓடைத் தண்ணீர் பற்றி நெடுநாள் சண்டை. லாசர் ஊர்ப் பொலிசான ஜொந்தார்மிடம் போய் முறைப்பாடு கொடுத்தார்.

சில வாரங்களுக்குப் பிறகு ஆய்வுக்கூடத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. எடுத்தவள் கஜானி.

"நீங்களா எங்கள் ஊரில் அளந்தது?" என்றது ஒரு களைத்த குரல். "நான் கபிரியேல். சந்தையில் என் தேனை ஒருவரும் தொடுகிறார்கள் இல்லை. நான் வந்தால் நாயைக் கூப்பிட்டுக் கட்டிவைக்கிறார்கள். உங்கள் எண்ணைக் காட்டித்தான் என்னை நஞ்சு வைத்தவன் என்கிறார்கள்."

"அது முடிவான எண் இல்லை, மிஸ்யூ."

"அப்படியென்றால் வந்து முடித்துவையுங்கள்."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டு நேரே மர்கரீத்தின் அறைக்குப் போனாள். மர்கரீத் ஆய்வுக்குழுவின் தலைவி. ஓய்வு பெறும் வயதை நெருங்கியவள். இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கைத்தடியோடு நடப்பவள். கஜானி சொன்னதை முழுக்கக் கேட்டாள். "கோடையில் போ," என்றாள். "காற்றில்லாத காலையாகப் பார்த்துப் போ. ஆனால் பள்ளத்துக்குள் தனியாக இறங்காதே."

கோடையில் போனார்கள். நிலம் வெடித்துக் காய்ந்திருந்தது. விடியலில் ஓர் இலைகூட அசையவில்லை. சக ஊழியன் பற்றரி எடுக்கத் திரும்ப வண்டிக்குப் போனான். சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. வெயில் வந்தால் காற்று வரும், காற்று வந்தால் இந்தப் பயணமும் வீண் என்ற அவதியில் கஜானி அவனுக்காகக் காத்திருக்கவில்லை. பெட்டியோடு பள்ளத்துக்குள் இறங்கினாள்.

சட்டியைக் கவிழ்த்ததும் திரையில் எண் பாய்ந்து ஏறியது. அவள் நெஞ்சு மகிழ்ச்சியில் அடித்துக்கொண்டது. இடுப்பிலிருந்த எச்சரிக்கை மணி கூவியது. இன்னும் கொஞ்சம், இந்த அளவு முடியட்டும் என்று நினைத்து, குழாயைச் சரிசெய்ய முழங்காலில் குனிந்தாள். அந்த முழங்கால் வேறு யாருடையதோ போல இருந்தது. பிறகு ஒன்றும் இல்லை.

கண் விழித்தபோது மேட்டுப் புல்லில் கிடந்தாள். பெரிய மீசையோடு ஒரு முகம் அவளுக்கு மேலே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கபிரியேல். அவள் அளப்பதைப் பார்க்க வேலியோரம் வந்து நின்றவர், அவள் சரிவதைக் கண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, பெட்டி வாரைப் பிடித்து மேலே இழுத்திருக்கிறார்.

அவள் தலை வெடிப்பதுபோல வலித்தது. முதலில் கேட்டது கருவியைத்தான். சக ஊழியன் நீண்ட கொக்கியால் அதை எடுத்துவந்தான். திரையில் எண் இல்லை. அளவுக்கு மேல் என்ற குறி மட்டும் இருந்தது. மெல்லிய கசிவை அளக்கச் செய்த கருவி அது. அந்தப் பள்ளம் அதன் எல்லையைத் தாண்டிவிட்டது.

செய்தி கேட்டு வந்த லாசர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். "இவன் எப்படிச் சரியான நேரத்தில் அங்கே நின்றான்? உங்களுக்கு வெயிலில் மயக்கம் வந்திருக்கும், மதாம். எண் இருக்கிறதா?"

"இல்லை," என்றாள் கஜானி.

"எண் வந்தபிறகு பேசலாம்." லாசர் திரும்பி நடந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒருநாள் வைத்துப் பார்த்துவிட்டு அவளைப் பரிஸ் நகருக்கு அனுப்பினார்கள். கணவன் டெனிஸ்டன், ரூ லூயி-பிளாங்கில் தொலைபேசிக் கடை வைத்திருப்பவன், கடையைப் பூட்டிவிட்டுப் பெர்சி ஸ்தேசனுக்கு வந்து கூட்டிப்போனான். வீட்டில் அப்பாவும் அம்மாவும் காத்திருந்தார்கள்.

"காணும்," என்றார் வின்சன்ற். "இனி உந்த வேலை வேண்டாம். கடையில நில், பிள்ளையளுக்குப் படிப்பி, என்னவாவது செய். அதுக்குள்ள மட்டும் போகாதை."

"கவனமாத்தான் அப்பா போவன்."

"நான் என்ன கவனமில்லாமலே விழுந்தனான்? அது சொல்லிப்போட்டு வாறேல்லை, பிள்ளை. மணமில்லை, நிறமில்லை. கால் போனது தெரியிறதுக்கு முதல் ஆள் போயிடும்."

"எனக்கு மணி அடிச்சுச் சொன்னது. நான்தான் கேக்கேல்லை. பிழை என்னில, கருவியில இல்லை. இனி அப்பிடி நடக்காது."

"அப்ப திரும்பப் போகத்தான் போறாய்?"

"ஓம்."

வின்சன்ற் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். அந்த நேரத்தில்தான் மார்கிரட் வாயைத் திறந்தாள். எதற்கெடுத்தாலும் மகளின் சட்டியைப் பழிக்கிறவள் அவள். ஆகையால் எல்லாரும் இன்னொரு திட்டைத்தான் எதிர்பார்த்தார்கள்.

"அந்தத் தேன்காரனுக்கு இப்ப என்னவாம்?" என்று கேட்டாள்.

"ஊர் இன்னும் அவரைத்தான் சொல்லுது."

மார்கிரட் கணவனைப் பார்த்தாள். "உங்களைக் குடிகாரன் எண்டு சொன்ன அண்டைக்கு நான் இந்த றோட்டால முகத்தை மூடிக்கொண்டு நடந்தனான். அந்த நெருப்பணைக்கிற பொம்பியேப் பொம்பிளை தனக்கென்ன எண்டு போயிருந்தா, நீங்கள் இண்டைக்கும் குடிகாரன்தான். இவளை மறிக்காதேங்கோ."

வின்சன்ற் யன்னலருகே போனார். வெளியே வடக்கு ஸ்தேசனுக்குப் போகிற ரயில் ஒன்று இரைந்து போனது.

"கயிறு," என்றார் கடைசியில். "இடுப்பில கயிறு கட்டோணும். மேலை ஒராள் நிண்டு பிடிக்கோணும். அந்த ஆள் இமைக்காமல் உன்னைப் பாத்துக்கொண்டிருக்கோணும்."

"நான் வந்து பிடிக்கிறன்," என்றான் டெனிஸ்டன்.

"உங்களை விடமாட்டினம். வேலையாக்கள்தான் நிக்கலாம்."

"அப்ப உம்மட மர்கரீத்திட்டக் கேளும். கயிறில்லாமல் நீர் போறேல்லை. இதில கதை இல்லை."

ஆய்வுக்கூடத்தில் மர்கரீத் முதலில் கோபித்தாள். நீ தனியாக இறங்கியது எனக்கும் நீ செய்த துரோகம் என்று முகத்துக்கு நேரே சொன்னாள். மறுகிழமை மர்கரீத்தே அவளைக் கூப்பிட்டாள். அதிக அளவு வாயுவையும் தாங்கி அளக்கும் உணர்கருவிகள் கிடைத்துவிட்டன, மூச்சுவிடக் காற்று உருளையும் முகமூடியும் எடுக்கிறோம், கயிறு பிடிக்க நானே வருகிறேன் என்றாள். கஜானியின் பார்வை கைத்தடிக்குப் போனதைக் கண்டு, "கயிறு பிடிக்கக் கை போதும்" என்றாள்.

கருவிகளை ஆய்வுக்கூடத்தில் சரிபார்த்து முடித்தபிறகும் கஜானிக்கு மனம் ஆறவில்லை. ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, அப்பத்துக்குப் புளிக்க வைத்திருந்த மாப் பாத்திரத்துக்குள் தொங்கவிட்டாள். நுரைத்துப் பொங்கிய மாவுக்கு மேலே கருவி கூவத் தொடங்கியது. மார்கிரட் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"என்னடி, என்ர மாவும் எரிமலையோ?"

"ஓம் அம்மா. குட்டி எரிமலை."

கோடை முடிகிற வேளையில் மூன்றாம் முறை போனார்கள். முதல் நாள் விடியலில் காற்று விசிறி அடித்தது. மறுநாள் தூறல். லாசர் தபாற்கந்தோர் வாசலில் நின்று, பரிஸ்காரருக்கு நல்ல விடுமுறை என்று இவர்கள் காதில் விழச் சொன்னார். மர்கரீத்துக்கு இடுப்பு வலி கூடிவிட்டது. அடுத்த மாதம் வரலாம் என்றாள். அடுத்த மாதம் இலையுதிர் மழை தொடங்கிவிடும், நிலம் திரும்பவும் மூடிவிடும் என்றாள் கஜானி. "தூறல் விட்டு நிலம் காயும்வரை இங்கேயே இருப்போம். வலித்தால் நீங்கள் படுத்திருங்கள். சாப்பாடு நான் கொண்டுவந்து தருகிறேன்." மர்கரீத் மருந்தைப் போட்டுக்கொண்டு சம்மதித்தாள்.

வெயில் வந்தது. நிலம் காய்ந்தது. பிறகொரு விடியலில் கஜானி யன்னலைத் திறந்து பார்த்தபோது, புகைபோக்கிகளிலிருந்து புகை நூல்பிடித்ததுபோல நேரே மேலே ஏறிக்கொண்டிருந்தது. மேயரையும் லாசரையும் கபிரியேலையும் கூப்பிட்டு அனுப்பினாள்.

மேயர் நடுவில் நிற்க, மற்ற இருவரும் ஆளுக்கொரு பக்கம் தள்ளி நின்றார்கள். மேட்டில் மடக்குக் கதிரையில் மர்கரீத் உட்கார்ந்து, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். பின்னால் சக ஊழியன் காலை ஊன்றி நின்றான். கஜானி முகமூடி போட்டு, உருளையை முதுகில் ஏற்றி, இறங்கினாள். மணி கூவியது. இம்முறை அவள் நின்றாள். முகமூடியின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். கயிற்றை ஒருதரம் இழுத்தாள். மேலேயிருந்து பதில் இழுப்பு வந்தது. அதன்பிறகே முழங்காலிட்டுச் சட்டியைக் கவிழ்த்தாள்.

எண் ஏறியது. அவள் அது முடியும்வரை இருந்தாள். பிறகு பள்ளத்தின் ஓரத்துக்கு நகர்ந்து இன்னோர் இடம், அங்கிருந்து இன்னோர் இடம். மேலேறி வந்தபோது அவள் முகத்தில் முகமூடியின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. புல்லுக்குக் கீழே ஒரு வெடிப்பு வளைந்து போவது அவளுடைய எண்களில் தெளிவாகத் தெரிந்தது. அந்த எண்களை வைத்து அவள் கணினியில் வரைந்து காட்டிய வரைபடத்தைப் பார்த்து மேயர் தலையாட்டினார். லாசர் பார்க்கவில்லை.

"கணினியில் எதையும் வரையலாம்," என்றார்.

கஜானி அவரோடு வாதாடவில்லை. நீண்ட கழியின் நுனியில் ஓர் உணர்கருவியைக் கட்டி, மறுமுனையை அவர் கையில் கொடுத்தாள். "நீங்களே இறக்கிப் பாருங்கள். இங்கே நின்றபடியே."

லாசர் கழியைப் பள்ளத்துக்கு மேலே நீட்டினார். கருவி அமைதியாக இருந்தது. மெல்ல இறக்கினார். ஆள் நெஞ்சுயரத்தில் திரையில் எண் அசைந்தது. இடுப்புயரத்தில் கருவி கூவியது. முழங்காலுயரத்துக்குத் தாழ்த்தியபோது கூவல் இடைவிடாமல் தொடர்ந்தது. கழியை உயர்த்தினார், கொஞ்சம் பொறுத்து ஓய்ந்தது. திரும்ப இறக்கினார், திரும்பக் கூவியது. எத்தனை தடவை அப்படிச் செய்தார் என்று ஒருவரும் எண்ணவில்லை.

"குட்டிகளின் தலை இந்த உயரம்தான்," என்றார் கடைசியில், கழியைப் பார்த்தபடியே. "தாயாடுகளின் தலை இதற்கு மேலே நிற்கும். அதனால்தான்."

"ஓம். அதனால்தான் குட்டிகள் மட்டும்."

"ஜொந்தார்ம் வந்து நின்றபோது ஒன்றும் நடக்கவில்லையே."

"மதியத்தில் வந்திருப்பார்கள். வெயிலேறிக் காற்று வந்தால் கலைந்துவிடும். காற்றில்லாத விடியலில்தான் தண்ணீர்போலத் தேங்கி நிற்கும்."

"அப்போ வசந்தத்தில் நீங்கள் அளந்தபோது?"

"மண் ஊறியிருந்தது. ஈரமண் மூடிமாதிரி. அதை எழுதினேன், ஆனால் கடைசி வரியில் எழுதினேன். முதல் வரியில் எழுதியிருக்கவேண்டும்."

லாசர் கழியை அவளிடம் திருப்பிக் கொடுத்தார். தொப்பியைக் கழற்றி, திரும்பப் போட்டார். பிறகு புல்லை மிதித்துக்கொண்டு கபிரியேல் நின்ற பக்கம் போனார். மன்னிப்புக் கேட்பார் என்று கஜானி எதிர்பார்த்தாள். அவர் கேட்கவில்லை.

"உன் நாய் இந்தப் பக்கம் வரும். கட்டிவை," என்றார்.

"நீ வேலியைப் போடு," என்றார் கபிரியேல்.

பல மாதங்களில் இருவரும் நேருக்கு நேர் பேசிய பேச்சு அவ்வளவுதான் என்று மேயர் வழியில் சொன்னார்.

முறைப்பாடு அந்த வாரமே திரும்பப் பெறப்பட்டது. பள்ளத்தைச் சுற்றி வேலி வந்தது. நடுவில் ஒரு கம்பம் நாட்டி, தாழவும் உயரவுமாக உணர்கருவிகள் பொருத்தினார்கள். ஒவ்வொரு காலையும் அது ஆய்வுக்கூடத்துக்கும் கஜானியின் தொலைபேசிக்கும் லாசரின் தொலைபேசிக்கும் அளவை அனுப்பும். கபிரியேலின் தேனுக்குப் பழைய வாடிக்கையாளர் எல்லாரும் திரும்பி வரவில்லை. சிலர் வந்தார்கள். சந்தேகம் ஒருமுறை நாக்கில் ஏறினால் முழுதாக இறங்காது என்று அவர் தொலைபேசியில் சொன்னார். கஜானி சந்தையில் விளக்கம் சொல்ல ஒரு கூட்டம் வைக்கும்படி மேயரை வற்புறுத்தினாள். தானே போய் நின்று பேசினாள். கழியையும் கருவியையும் கொண்டுபோய், ஒரு தொட்டிக்குள் வாயுவை நிரப்பி, வந்தவர் எல்லாரையும் இறக்கிப் பார்க்க வைத்தாள். அன்று வீட்டுக்குப் போகும்போது சிலர் கையில் தேன் போத்தல் இருந்தது.

அடுத்த வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை காலை, ரூ து ஃபொபூர் சேன்-தெனியின் மேல்முனையிலுள்ள மரக்கறிக் கடையில் கஜானியும் டெனிஸ்டனும் நின்றார்கள். அவள் முருங்கைக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி கூவியது. கம்பத்தின் அளவு சிவப்பில் ஏறி நின்றது. கையிலிருந்ததைப் போட்டுவிட்டு லாசரை அழைத்தாள்.

"தெரியும், மதாம்," என்றார் லாசர். பின்னால் மணிச்சத்தமும் குட்டிகளின் கத்தலும் கேட்டன. "விடியவே எல்லாவற்றையும் மேல் நிலத்துக்கு ஏற்றிவிட்டேன். கபிரியேலுக்கும் சொல்லிவிட்டேன். உங்களுக்கு இன்று விடுமுறை இல்லையா?"

"என்னவாம்?" என்றான் டெனிஸ்டன்.

"ஆடெல்லாம் மேலையாம்."

"அப்ப நீர் மரக்கறியைப் பாரும். சனம் பின்னால நிக்குது."

அவள் தொலைபேசியைப் பைக்குள் போட்டாள். திங்கட்கிழமை அதே மலைநாட்டில் இன்னோர் ஊருக்குப் போகவேண்டியிருந்தது. அங்கே பாடசாலைக்குப் பின்னால் ஓரிடத்தில் புல் முளைக்கவே இல்லையாம். மஞ்சள் பெட்டி ஏற்கெனவே வீட்டு வாசலில் தயாராக இருந்தது. நல்ல முருங்கைக்காயாக நாலைப் பொறுக்கி எடுத்து நிறுக்கக் கொடுத்தாள்.